மூன்றாம் கியர் நழுவும் பழைய டிராக் கார்: வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. அமெச்சூர் ரேஸுக்காக, டிராக்கில் மட்டும் ஓடும் பழைய கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீல் டியூப் சேஸி, நான்கு சிலிண்டர் பைக் இன்ஜின், சீக்வென்ஷியல் கியர் (வரிசையாக ஒவ்வொன்றாக மாற்றுவது). இன்ஜினைப் பிரித்துக் கட்டி 20 மணி நேரம்தான் ஓடியது என்கிறார் விற்பவர். சூடான இன்ஜினில் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் ஏற்றும் காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்ததில் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 24% கசிவு, மற்ற மூன்றிலும் 5–6%. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூன்றாம் கியர் நியூட்ரலுக்கு நழுவுகிறது. லிங்கேஜை (கியர் லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் அமைப்பு) அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடுமாம். நம்பலாமா?

பதில் 1:
லிங்கேஜ் கோளாறு என்றால் மற்ற கியர்களும் தகராறு செய்யும். ஒரே கியர், அதுவும் லோடு ஏறும்போது நழுவினால் அந்தக் கியரைப் பூட்டிப் பிடிக்கும் டாக் பற்களின் முனைகள் மழுங்கியிருக்கும். கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கும் வளைந்திருக்கலாம். பைக் இன்ஜினில் கியர்பாக்ஸ் கிராங்க் கேஸுக்குள்ளேயே இருப்பதால் இன்ஜினை இறக்கி, கேஸைப் பிளந்தால்தான் கை வைக்க முடியும். சின்ன வேலை இல்லை.

அடுத்து அந்த 24%. பிஸ்டனை கம்ப்ரஷன் டிடிசியில் (வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தி, காற்றை ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் உஸ்ஸென்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் வந்தால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங், கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஃபில்டரையும் அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) லாகரில் பதிவான அதிகபட்ச ஆர்பிஎம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் பெட்ரோலையோ இக்னிஷனையோதான் நிறுத்தும். அவசரமாகக் கீழ்க் கியர் போட்டால் சக்கரமே இன்ஜினை இழுத்துச் சுற்றிவிடும், அதை லிமிட்டரால் தடுக்க முடியாது.

பதில் 2:
இன்ஜினையாவது மாற்றிக்கொள்ளலாம், சேஸி வளைந்திருந்தால் தலைவலி தீராது. இரு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்து, அலைன்மென்ட்டில் அதற்குக் காரணமும் இல்லையென்றால், எங்கோ மோதியிருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகள் சேஸியில் சேரும் வெல்டுகளில் பெயின்ட்டைச் சுரண்டி, டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் சாயம்) அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து டெவலப்பர் போடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைமேல் மெல்லிய சிவப்புக் கோடாகத் தெரியும். அடிப்பலகை விளிம்பில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே இன்னும் கூர்ந்து பாருங்கள்.

ராட் எண்ட் (சஸ்பென்ஷன் கம்பி முனை மூட்டு) ஆட்டம், டிஸ்க் விரிசல் எல்லாம் செலவுக் கணக்கு, அவ்வளவுதான். ஓட்டுநரைச் சீட்டோடு கட்டும் ஹார்னஸ் பெல்ட் அப்படியல்ல. லேபிளில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். அது கடந்திருந்தால், பெல்ட் புதிதுபோல் பளபளத்தாலும் ரேஸுக்கு முந்தைய பரிசோதனையான ஸ்க்ரூட்டினியில் நிறுத்திவிடுவார்கள். சீட், ஃபியூயல் செல் (ரேஸ் பெட்ரோல் டேங்க்), ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சேஸி எண் லாக் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. சத்தம் சைலன்சரில்தான் வருகிறது. லிமிட்டர் 10,800, லாகரில் 12,300 பதிவாகியிருக்கிறது. ஃபில்டர் சுத்தம். சேஸி அளவு 1 மில்லிமீட்டருக்குள், வெல்டில் விரிசல் இல்லை. பெல்ட் காலாவதி.

பதில் 1:
அந்த வேகத்தில் வால்வு மிதந்து (ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் நேரத்துக்கு மூடாமல்) பிஸ்டனில் தட்டி லேசாக வளைந்திருக்கும். பிஸ்டனோடு சேரும் கனெக்டிங் ராட்டின் போல்ட்டும் இழுபட்டிருக்கலாம், அதனால் ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். சேஸி நன்றாக இருக்கிறது, விட மனம் வராதுதான். ஆனால் இன்ஜினும் பெல்ட்டும் இல்லாத கார் என்று கணக்குப்போட்டு விலை பேசுங்கள். உதிரிச் சக்கரங்கள், விஷ்போன்கள், லாகர் கேபிள், ஈசியூ பாஸ்வேர்டு எல்லாம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். அதுவரை காரை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். அந்த ராட் போல்ட் அறுந்தால் கேஸே உடையும்.