நிலத்தடிக் கழிமுகமா, நிலத்தடிக் கழியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கடலோரத்தில் மண்ணுக்கடியில் நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தை ஆங்கிலத்தில் ‘சப்டெரேனியன் எஸ்ச்சுவரி’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையில் இதுவரை வந்த சொற்கள்: பாதாள முகத்துவாரம், அடிநிலக் கயவாய், நிலத்தடிப் பொங்குமுகம், நிலத்தடிக் கழிமுகம். கடைசியாக வந்ததே போதும் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். ஆனால் அதில் கடைசி மூன்றெழுத்து இடிக்கிறது. முகத்தை எடுத்துவிட்டு ‘நிலத்தடிக் கழி’ என்று நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ராமேசுவரம் பக்கம் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அலை தொடும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் இருக்கும். சிறு குழி தோண்டிக் காத்திருந்தால் தண்ணீர் மெல்ல ஊறும். அதைக் கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் சவர்த்தண்ணீர் வந்துவிடும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றிலும் இதுதான் நடக்கிறது. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. நன்னீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே மண்ணுக்குள்ளும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன், எர்சுபர்க் என்ற அறிஞர்கள் இருவர் பெயரில் வழங்கும் கணக்கு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல் எல்லை இருக்காது. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி இறங்க, மழை பெய்து ஓய, இரண்டும் கலந்தபடியே இருக்கும். அந்தக் கலப்பு நடக்கும் இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்லர்ட் மூர் 1999-இல் அந்த ஆங்கிலப் பெயரை முன்வைத்தபோது அழுத்திச் சொன்னது வேதிவினையைத்தான். நிலத்திலிருந்து வரும் நீர் வந்தபடியே கடலில் சேர்வதில்லை, வழியில் வேறு நீராக மாறிவிடுகிறது. அதனால்தான் ‘நிலத்தடிநீர் வெளியேற்றம்’ என்று ஒரு மடலில் வந்த சொல் இங்கே பொருந்தவில்லை. அது ஓட்டத்தின் பெயர். நமக்கு வேண்டியது இடத்தின் பெயர்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது? யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரத்திலிருந்தும், மலக்குழிகளிலிருந்தும் நைட்ரேட் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே பல. அந்த நைட்ரேட் கடலுக்குப் போகும் வழியில் நீரில் ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். ஆக்சிஜன் தீர்ந்து, தின்னக் கரிமப் பொருளும் கிடைத்தால், பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டே சுவாசிக்கும். நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றுக்குத் திரும்பும். வேலை பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு. சில இடங்களில் அம்மோனியமாக மாறி அங்கேயே தங்கிவிடும். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் நீர் விரைந்து ஓடுவதால் பாக்டீரியாக்களுக்கு அவகாசம் குறைவு.

அலையாத்திச் சேற்றில் நிலைமை வேறு. பிச்சாவரத்தில் கடல்நீர் வற்றத்தின்போது சேற்றங்கரையில் குனிந்து பாருங்கள். நண்டு வளைகளிலிருந்து தண்ணீர் இழை இழையாகக் கசிந்து வாய்க்காலுக்கு ஓடும். சேற்றைக் கிளறினால் உள்ளே கறுப்பு, அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் அங்கே எப்போதோ தீர்ந்துவிட்டது, இலை மக்கிய கரிமம் நிறைய. அந்த மெல்லிய கசிவு பைகார்பனேட்டாகக் கரைந்த கார்பனைச் சுமந்து செல்கிறது. அமெரிக்காவின் வாகுவாய்ட் விரிகுடாவில் மணலுக்குள் படிந்த இரும்பு ஆக்சைடு பாஸ்பேட்டைப் பிடித்து நிறுத்துவதையும் கண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம். இந்தக் கலப்பு இடத்துக்கு முகம் ஏது? ஆறு கடலில் சேரும் இடத்தைக் காட்ட முடியும், படகில் போக முடியும். இங்கே நீர் கரை நெடுகக் கசிகிறது. யாழ்ப்பாணக் கடலோரத்துக் கீரிமலைக் கேணிபோலக் கல்வெடிப்பு வழியே ஓரிடத்தில் பீறிடுவது உண்டுதான், ஆனால் எல்லாக் கரையும் கீரிமலை அல்ல. ‘முகம்’ என்று சொன்னால் மாணவர் மனத்தில் பூமிக்கடியில் ஓர் ஆறு ஓடத் தொடங்கிவிடும். ‘பாதாளம்’ அதைவிட மோசம். கயவாயில் ‘வாய்’ நிற்கிறது. இலங்கை நண்பர்களுக்குப் பழகிய பொங்குமுகத்தில் ‘பொங்கு’ வேறு சேர்கிறது.

‘கழி’யில் இந்தச் சிக்கல் இல்லை. சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் ஓதம் ஏறி, நெய்தல் பூத்து, மீன் மேய்கிற இடம் கழி. நிலத்து நீரும் கடல் நீரும் கலப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘நிலத்தடி’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் புழங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் விளக்கம் தேவைப்படாது.

‘கழி என்றால் கழிவு நினைவுக்கு வரும்’ என்று இந்த இழையில் அக்கா ஒருவர் எழுதியிருந்தார்கள். தனிச்சொல்லில் அந்தப் பயம் எனக்கில்லை, உப்பங்கழி என்று சொல்லும்போது யாரும் சாக்கடையை நினைப்பதில்லை. ஆனால் கூட்டுச்சொல்லில் ஆபத்து இருப்பது உண்மை. அங்குள்ள நீரை ‘கழிநீர்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். அதற்குச் ‘சவர்நீர்’ என்று வைக்கலாம். ராமநாதபுரத்திலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் சொல்வதுதான், புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘நிலத்தடிக் கழியின் சவர்நீரில் நைட்ரேட் குறைந்து, கரைந்த கார்பன் கூடியிருந்தது.’ எனக்கு இது தடங்கலின்றி ஓடுகிறது. உங்கள் வாக்கியங்களிலும் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.