புதுப்பிப்பு: அக்காவின் கல்லீரல் அறுவை சிகிச்சை

மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய என் அக்காவுக்கு, அங்குள்ள ஒற்றைக் கட்டியை அறுத்து அகற்றலாமா என்று கடந்த மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். சென்ற வாரம் அறுவை சிகிச்சை முடிந்தது. அக்கா இப்போது எழுந்து நடக்கிறார்.

அன்று சிலர் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 2015ஆம் ஆண்டு ஆய்வைச் சுட்டிக்காட்டி, நோய் பரவிய பின் அறுவையால் ஆயுள் நீடிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டேன். அந்த ஆய்வு மார்பிலுள்ள மூலக் கட்டியை அகற்றுவது பற்றியது என்றும், கல்லீரலில் பரவியதை அகற்றுவது வேறு கேள்வி என்றும், அதற்கும் உறுதியான சான்று இன்னும் இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையே எனக்குத் தெம்பளித்தது.

மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. மருந்தில் கட்டி சுருங்கியதும், உடல் முழுவதும் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனில் எலும்பிலோ நுரையீரலிலோ நோய் தென்படாததும், வெட்டிய பின் எஞ்சும் கல்லீரல் போதுமான அளவு இருந்ததும் ஒன்றுசேர்ந்ததால்தான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மருந்தோடு நின்றிருப்பார்கள்.

கல்லீரல் கட்டியிலிருந்து தனியாகத் திசு எடுத்துச் சோதிக்கச் சொன்னவருக்கு மிகுந்த நன்றி. மூலக் கட்டியில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகளும் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) ஹெர்-2 நிலையும் (புற்று செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம் மிகுதியா என்பது) பரவிய இடத்தில் சிலருக்கு மாறியிருக்கும் என்பதால், அந்தச் சோதனையைப் பொறுத்தே மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

அகற்றிய திசுவின் விளிம்பில் புற்றுநோய் செல்கள் உள்ளனவா என்ற அறிக்கை இன்னும் வரவில்லை. அது எப்படியிருந்தாலும் மருந்து தொடரும்.