மறுமொழி: ராடர் கலைச்சொல் – ‘தன்னழிப்பு’ வேண்டாம், ‘இலக்கொடுக்கம்’ என்போம்

வணக்கம் ஐயா,

பல அன்ரனாக்களின் சமிக்ஞைகளை நிறையிட்டுக் கூட்டி, குறுக்கீட்டுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இசைவாக்க வரிசை ராடர் தான் தேடும் இலக்கையே இழந்துவிடும் நிலைக்குத் ‘தன்னழிப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. தன்னழிப்பு என்றால் கருவி வெடித்துச் சிதறியதாகத்தான் மாணவர் நினைப்பர். கருவிக்கு ஒன்றும் ஆவதில்லை, கணிப்பும் ஒழுங்காகவே ஓடுகிறது. போவது இலக்கின் சமிக்ஞை மட்டும்.

ஒவ்வொரு அன்ரனாவுக்கும் எவ்வளவு நிறை (அதன் சமிக்ஞையைப் பெருக்கும் எண்) கொடுப்பது என்பதை, இலக்கைத் தேடும் தூரத்துக்கு அண்டைத் தூரங்களிலிருந்து வரும் மாதிரிகளைக் கொண்டுதான் ராடர் கணிக்கிறது. அவற்றில் இலக்கு இல்லை, எல்லாம் ஒரே தன்மையானவை என்பது எடுகோள். அன்ரனாக்களின் எண்ணிக்கையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு மாதிரி கிடைத்தால் சிறந்த நிறைகளோடு ஒப்பிடும்போது சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தின் சராசரி இழப்பு 3 டெசிபெல்லுக்குள் நிற்கும் என்று ரீட், மலெட், பிரெனன் என்ற ஆய்வாளர் மூவரும் 1974 இல் காட்டியதும் இந்த எடுகோளின் மேல்தான். எங்கள் ஊரில் அந்த எடுகோள் நிற்குமா? மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே நோக்கும் ராடரை எண்ணிப் பாருங்கள்: முதலில் வாவி நீர், அடுத்து காத்தான்குடியின் நெருக்கமான கட்டடங்கள், உடனே கடல். ஒன்றின் மாதிரி மற்றதற்கு உதவாது.

இலக்கின் எதிரொலியும் மாதிரிக்குள் கசிந்து, அன்ரனாக்களின் அளவுத்திருத்தமும் சற்றே பிசகியிருந்தால், ராடர் இலக்கைக் குறுக்கீடு என்றே கொண்டு அத்திசையில் காதைப் பொத்திக்கொள்ளும். வலிய இலக்குத்தான் கூடுதலாக அடிபடும். ஒடுக்கப்படுவது இலக்கு. ஆகவே ‘இலக்கொடுக்கம்’.

தமிழகத்து நண்பர் ‘இலக்கு அமுக்கம்’ என்றார். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்பது தமிழகத்தில் நீங்கள் அழுத்தம் என்னும் கணியம். இங்கே அது குழப்பும்.

அன்ரனாக்களின் தொகுதியை ‘அணி’ என்பதிலும் இதே சிக்கல். நாங்கள் தாயம் (எண்களை நிரை நிரலாக அடுக்கியது) என்பதைத்தான் நீங்கள் அணி என்கிறீர்கள். நிறைகளைக் காண, மாதிரிகளிலிருந்து அமைக்கும் தாயத்தை நேர்மாறாக்க வேண்டும், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். ‘அன்ரனா வரிசை’ என்றே வைத்துக்கொள்வோம்.

இலக்கொடுக்கத்துக்குப் பரிகாரமாகத் தாயத்தின் மூலைவிட்டத்தில் ஒரு சிறு மாறிலியைச் சேர்ப்பதற்கு ‘மூலைவிட்டச் சுமை’ என்பதைவிட ‘மூலைவிட்டக் கூட்டல்’ பொருந்தும். கூட்டும் அளவு மிகுந்தால் மெலிந்த குறுக்கீடுகளை ஒடுக்கும் திறன் குறையும் என்பதை வரைவிலக்கணத்திலேயே சேர்த்துவிடுங்கள் ஐயா.