அப்பாவை வாசல் தாண்ட வைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர், இப்போது ஓய்வு. 2020 மார்ச் 18 அன்று கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது "ரெண்டு வாரந்தானே" என்று சிரித்தவர் அவர்தான். 2021இல் அவருடைய கூட்டாளி கோவிட்டில் போய்ச் சேர்ந்தார். முப்பது வருடம் ஒன்றாக வேலை செய்தவர். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆணை போய்விட்டது, அப்பாவுக்கு மட்டும் போகவில்லை. கடை மீதிச் சில்லறையை இன்னமும் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, பழைய பேப்பரில் காய வைக்கிறார். இருபது சென் ஒரு வரிசை, ஐம்பது சென் ஒரு வரிசை. கோவில் திருவிழா, கோப்பிக் கடை எதுவும் வேண்டாம். கேட்டால் "காலு வலி" என்பார். (பொய். வீட்டுக்குள் நாள் முழுக்க நடக்கிறார்.)

அம்மா நேரெதிர். அந்த நாட்களில்தான் வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டு, வேலி வழியாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555இல் யாராவது தமிழில் பேசியிருக்கிறீர்களா? அப்பாவுக்கு மலாய் வரும், ஆனால் மனசில் உள்ளதை மலாயில் சொல்ல மாட்டார். ஈப்போ வட்டாரத்தில் தமிழ் பேசும் மனநல ஆலோசகர் தெரிந்தாலும் சொல்லுங்கள். முதலில் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போனால் போதுமா?

அப்புறம், "மனநலம்" என்றதுமே "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துவார். என்ன சொல்லிக் கிளப்புவது? அனுபவப்பட்ட அண்ணன், அக்காமார் யாராவது சொல்லுங்களேன்.