லோடு இறக்கற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட்லயே விடலாமுங்களா?

கேள்வி, சங்ககிரி:
அண்ணா, நம்மளது பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த) லாரிங்க. பெருந்துறைல குடோன் வாசல்ல ரெண்டு மணி நேரம் வரிசைல நிக்கோணும், டிரைவர் ஏசிக்காக ஆஃப் பண்றதே இல்ல, கேட்டா டீசல் இன்ஜின் சும்மா ஓடுனா ஒண்ணும் ஆகாதுங்கறாப்டி. இப்ப டிபிஎஃப் (புகைக்கரியப் பிடிக்கற ஃபில்டர்) லைட் அடிக்கடி எரியுது, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

பதில், நாமக்கல்:
இருக்குதுங்க தம்பி. ஸ்லோவுல லோடு இல்லாம ஓடறப்ப சிலிண்டர் சூடு ஏறாது, டீசல் முழுசா எரியாம புகைக்கரியாயிரும், அது இன்ஜெக்டர் மூக்குல, புகையக் கொஞ்சம் திருப்பி இன்ஜினுக்கே விடற இஜிஆர் வால்வுல, டிபிஎஃப்லன்னு போய் அடையும். அடைஞ்ச கரி எரியோணும்னா 550 டிகிரிக்கு மேல சூடு வேணும், நின்ன எடத்துல அந்தச் சூடு தானா வராது. பைபாஸ்ல லோடோட அரை மணி நேரம் நிக்காம ஓட்டச் சொல்லுங்க. எரியாத டீசல் கீழ எறங்கி ஆயில்ல கலந்தா பேரிங்குக்கே கேடு, டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஏறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க, ஏறியிருந்தா ஆயில மாத்தாம வண்டிய எடுக்காதீங்க.

பதில், திருச்செங்கோடு:
எங்க போர் போடற ரிக் வண்டி நாள் முச்சூடும் நின்ன எடத்துலயே ஓடுது, ஆனா அது கம்ப்ரசர் லோடுல ஓடறதுங்க, சூடாவே இருக்கும், அதையும் இதையும் ஒண்ணுன்னு நெனச்சுராதீங்க. ஏத்தம் ஏறி வந்து நிறுத்துனா டர்போ ஆறறதுக்கு ரெண்டு நிமிசம் விட்டாப் போதும். கிலோமீட்டர மட்டும் பாத்து சர்வீஸ் விடாதீங்க, இன்ஜின் ஓடுன மணிக்கணக்கையும் பாருங்க.

சங்ககிரி:
பாத்தேனுங்க, ஆயில் மட்டம் மேல் கோட்டத் தாண்டி நிக்குது, டீசல் வாசமும் அடிக்குது. காலைல ஒர்க்‌ஷாப்புக்கு சொல்லிட்டேன், ரொம்ப நன்றிங்ணா.