மத்திய ஸ்தாயியில் கா ஏறுது, மா இறங்குது: விரலை மாத்தினால் சரிவருமோ?

குழல்பழகி, கிளிநொச்சி
வணக்கம். என்னட்டை இருக்கிறது 5 கட்டைச் சுருதி, எட்டுத் துளைப் புல்லாங்குழல் (விரல் வைக்கிறது ஏழில், எட்டாவது எப்பவும் திறந்தபடி). மாயாமாளவகௌளை ராகச் சரளி வரிசையில் ஸவும் பவும் தம்புராவோடு சேருது. எல்லாத் துளையும் திறந்து ஊதுற அந்தர காந்தாரம் (கா) மட்டும் போன் ரியூனரில் 20 சென்ற் (அரைச்சுரத்தின்ர நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) கூடக் காட்டுது. அடுத்த மத்திமத்துக்கு (மா) ஏழையும் மூடினால் சத்தம் உடையுது, இல்லாட்டி இறங்கி வருது. குழலை மாத்தவேணுமோ?

மூங்கில், முல்லைத்தீவு
மாத்தாதேங்கோ. காவும் மாவும் சந்திக்கிற இடந்தான் இந்தக் குழலின்ர மூட்டு, எல்லாருக்கும் அதில்தான் தடக்கும்.

ரியூனர் சொல்லுற கா, ஸவில் இருந்து 400 சென்ற். தம்புராவோடு இழையிற கா 386. ரியூனர் முள் 14 கீழே நிக்கேக்கதான் கா சரி. அப்ப ஸ 0இல் நிக்குதெண்டால் உங்கட கா உண்மையில் 34 கூட.

காரணம் பெரும்பாலும் பிடி. ஏழு விரலும் தூக்கினால் குழல் வெளிப்பக்கம் உருளும், ஊதுதுளை கூடத் திறபடும், சுருதி ஏறும். வலக்கை நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரலால் 5, 6, 7ஆம் துளைகளை (ஊதுதுளைக்குக் கிட்ட இருக்கிறது 1) மூடியபடியே கா ஊதிப்பாருங்கோ. பிடி உறுதியாகும், சுரமும் கொஞ்சம் இறங்கும், ஏனெண்டால் அதிர்வு முதல் திறந்த துளையோடு நிக்காமல் கீழேயும் கொஞ்சம் போகும். போதாட்டி 4, பிறகு 3. மேல்துளையை மூட மூட இறக்கம் கூடும்.

மாவுக்கு 2 முதல் 7 வரை மூடி, 1ஐ மட்டும் திறந்து காற்றை ஒடுக்கி ஊதுங்கோ. 1ஆம் துளை காற்றுக்கம்பத்தின்ர நடுவுக்குக் கிட்ட இருக்கிறதால் கீழ் ஸ்தாயி மா எழும்பாது, நீங்கள் தேடுற மத்திய ஸ்தாயி மா உடையாமல் பேசும். ஏறிப்போனால் 1ஐப் பாதி மூடுங்கோ. காற்றை மெல்ல விட்டால் மா வராது, இறங்கின காந்தாரம் ஒன்றுதான் வரும்.

வேய்ங்குழல், வவுனியா
மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. சங்கராபரண ராகத்தில் ரி, கா என்று ஏறேக்க வலக்கை விரலை மூடியே வைச்சால் ரி (சதுசுருதி ரிஷபம்) காவை விடக் கூட இறங்கும். ரிக்கு அந்த விரல்களைத் தூக்கி, நீட்டிப் பிடிக்கிற காவுக்கு மட்டும் மூடுங்கோ. வேகமாய் ஓடுற சுரங்களில் ஒருத்தரும் அந்த வித்தியாசத்தைக் கேக்கப்போறதில்லை.

சோளகக் காலத்து மத்தியானத்தில் அளக்காதேங்கோ. குழலுக்குள்ள இருக்கிற காற்று 1 பாகை சூடானால் சுருதி கிட்டத்தட்ட 3 சென்ற் ஏறும், போன் தம்புரா ஏறாது. ஐந்து நிமிசம் ஊதிச் சூடாக்கி, ஸவைச் சேர்த்த பிறகு காவைப் பாருங்கோ.

விரலடைப்புக்கும் அடங்காட்டி 1ஆம் துளையின்ர ஊதுதுளைப் பக்க விளிம்பில், உள்ளுக்கு, நெல்மணி அளவு தேன்மெழுகு ஒட்டுங்கோ. (வன்னியில் அதுக்குப் பஞ்சமில்லை.) துளை சிறுத்தால் கா இறங்கும். அந்தத் துளையை மூடி ஊதுற சுரங்கள் அசையாது; 1ஐத் திறந்து ஊதுற மாவை மட்டும் திரும்பப் பாருங்கோ. கூடிப்போனால் நகத்தால் சுரண்டலாம். கத்தி வைச்சுத் துளையைப் பெருப்பிச்சால் கா இன்னும் ஏறும், திருப்ப ஏலாது.