மகளிர் தினத்துக்கு ஷபானா ஆஸ்மியின் எந்தப் படம்?

கேள்வி (வெள்ளவத்தை): மார்ச் 8க்கு 30 பேர் சேர்ந்து இந்தி நடிகை ஷபானா ஆஸ்மியின்ர ஒரு படம் பார்த்துக் கதைக்கப் போறம். எது பொருத்தம்?

பதில்: 'அர்த்' (1982) போடுங்கோ அக்கா. அதில கதாநாயகியா வாற ஷபானா, விட்டுட்டுப் போய்த் திரும்பி வாற புருசனை மறுக்கிறா. பிறகு, தன்னை நேசிக்கிற நல்லவனையும் மறுத்து, வீட்டில வேலை செய்த பெண்ணின்ர மகளோட வாழ்க்கையைத் தொடங்கிறா. சபையில விவாதம் பத்துறது அந்த ரெண்டாவது மறுப்பிலதான். இந்தப் படத்துக்கு ஷபானாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. அடுத்த ரெண்டு வருசமும் அவவுக்கே.

பதில்: நடிப்போட நிறுத்தாதேங்கோ. 1986இல் பம்பாய்க் குடிசைவாசிகளுக்காக உண்ணாவிரதம் இருந்தவ. 2000இல் 'வாட்டர்' படத்துக்காகத் தலையை மழிச்சா. வாரணாசியில எதிர்ப்பாளர்கள் செட்டை உடைக்க, படப்பிடிப்பு நின்றது. பிறகு அவவின்ர இடத்தில நடிகை சீமா பிஸ்வாஸை வைச்சு நம்ம இலங்கையிலதான் எடுத்தவை. இதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

பதில்: தமிழ் வசனவரி போடுறதெண்டால் வசனவரிக் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) எண்ட எழுத்துக் குறியாக்கத்தில சேமியுங்கோ, இல்லாட்டில் எழுத்துக் குழம்பும். கட்டம் கட்டமாத் தெரிஞ்சால் பிளேயரில தமிழ் எழுத்துரு தெரிவு செய்யோணும். ஒரு தடவைக்கு ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். முகத்தைப் பார்க்க நேரம் வேணும்.